ஆடிய திரையும் ஒரு மெமோவும்

போன வாரம் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் போன் செய்தார். "சார், கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே தெரியலை. ஃபேன் ஓடுது, லைட் எரியுது, திரை மட்டும் கறுப்பா நிக்குது. மானிட்டர் போயிடுச்சு போல. புதுசு வாங்கிடலாமா?" என்றார். "அவசரப்படாதீங்க சார், வந்து பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் பேத்தியின் பென்சில் ரப்பரையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பத்து நிமிட வேலைதான். பெட்டியைத் திறந்து, ராம் அட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி பொருத்தினேன். படம் வந்துவிட்டது. அந்தப் பற்களில் நாளடைவில் படியும் மெல்லிய அழுக்கு மின்தொடர்பைத் தடுத்துவிடும். ராம் கிடைக்காத கம்ப்யூட்டர் திரைக்கு எதையும் அனுப்பாமல் அப்படியே நின்றுவிடும். மானிட்டர் பாவம், வராத படத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

"அப்போ மானிட்டர் மேல வீணா பழி போட்டேனா?" என்று தலைமையாசிரியர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வீடு திரும்பும்போது மனம் 1999-க்குப் போய்விட்டது. அந்த வருஷம் ஒரு திரைக் கோளாறுக்காக ஒரு பெண்ணின் மேல் பழி விழுந்தது. அந்தப் பழியில் என் கையெழுத்தும் இருந்தது. இத்தனை நாள் இதை நான் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். திருவள்ளூர் மணவாள நகரில் வீடு. பெரியபாளையம் வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில்தான் தினமும் போக்குவரத்து. சிப்காட் நிறுவனம் 1971-ல் தமிழக அரசால் தொடங்கப்பட்டது. கும்மிடிப்பூண்டி வளாகத்தில் அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பழைய இரும்பை உருக்கும் ஆலையோ, கம்பி இழுக்கும் ரோலிங் மில்லோ கண்ணில் படும். எங்கள் ஆலையிலும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் இருந்தது. லாரி லாரியாக வரும் ஸ்கிராப்பை அதில் போட்டு, மின்சாரத்தாலேயே உருக்கிவிடுவோம். உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. 15 அங்குல பிக்சர் டியூப் மானிட்டர், முதுகு பெருத்த பழைய ரகம். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்தான் ஆபரேட்டர். 25 வயது இருக்கும். நல்ல வேலைக்காரி. அந்த வருஷம் இடம் போதவில்லை என்று கணக்குப் பிரிவைக் கீழ்த்தளத்தில் வேறொரு அறைக்கு மாற்றினார்கள். அன்று ஆரம்பித்தது தொல்லை.

"சார், எழுத்தெல்லாம் ஆடுது" என்று முதலில் என்னிடம்தான் சொன்னாள். காலையில் உட்கார்ந்தால் பதினொரு மணிக்குள் தலைவலி வந்துவிடுகிறது என்றாள். மேனேஜரிடமும் சொன்னாள். அவர் வந்து பார்த்த நேரம் திரை சிலை மாதிரி நின்றது. "எங்கம்மா ஆடுது?" என்றார். அவளிடம் பதில் இல்லை. மானிட்டரைச் சென்னைக்கு ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கோளாறும் இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார்கள், மறுபடி அதே பதில்.

இன்னொரு விஷயமும் அவளுக்கு எதிராகப் போயிற்று. அதே சுவரை ஒட்டி, அடுத்த பக்கம் செக்யூரிட்டி அறையில் ஒரு கலர் டி.வி. இருந்தது. அந்த வருஷம் இங்கிலாந்தில் உலகக் கோப்பை கிரிக்கெட். ஷிப்ட் முடிந்தவர்கள் எல்லாம் அங்கேதான் கூடுவார்கள். டி.வி.யில் படம் ஆடவில்லை. "டி.வி.யும் டியூப்தானே? அது ஆடலையே, உன் கம்ப்யூட்டர் மட்டும் ஏன் ஆடுது?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தாள். கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

என்னையும் சோதிக்கச் சொன்னார்கள். மல்டி மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். பிளக் பாயிண்டில் 230 வோல்ட். எர்த் சரியாக இருந்தது. "மின் இணைப்பில் குறை எதுவும் இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதச் சம்பளப் பட்டியலில் தவறு வந்துவிட்டது. ஓவர்டைம் மணிக்கணக்கில் 3 என்பதை 8 என்றும், 8 என்பதை 3 என்றும் படித்துவிட்டாள். ஆறு தொழிலாளிகளுக்குச் சம்பளம் மாறிப் போயிற்று. யூனியன் வரை விஷயம் போனது. அவளுக்கு மெமோ கொடுத்தார்கள். காரணம், கவனக்குறைவு. அந்த ஃபைலில் கம்ப்யூட்டரிலோ மின்சாரத்திலோ கோளாறு இல்லை என்பதற்கு ஆதாரமாக வைக்கப்பட்டது என் தாள்தான்.

உண்மை தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஃபர்னஸின் உள்பூச்சு தேய்ந்துபோய் லைனிங் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலை நடக்கும்போது ஃபர்னஸுக்கு மின்சாரமே கிடையாது. கணக்கு முடிக்க அன்று அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். டீ குடிக்கும் நேரத்தில், "சார், இன்னைக்கு ஆடவே இல்லை" என்றாள். எனக்கு உடம்பில் ஏதோ சுருக்கென்றது. அந்த அறைக்கும் ஃபர்னஸ் பேனல் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான். டிரான்ஸ்பார்மரிலிருந்து பேனலுக்குப் போகும் கேபிள்கள் அந்தச் சுவரின் மறுபக்கம்தான் ஓடின. அவற்றைப் போட்ட குழுவில் நானும் ஒருவன்.

மறுநாள் ஃபர்னஸ் ஓட ஆரம்பித்ததும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்துகள் நடுங்கின. வெந்நீர் மேல் தெரியும் நிழல் மாதிரி. உருகிய இரும்பை ஊற்றும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துவோம். அப்போது திரை அசையாமல் நின்றது. மேனேஜர் வந்து பார்த்தது அப்படி ஒரு நேரத்தில்தான் இருக்க வேண்டும். பழைய காப்பர் கம்பியை 200 சுற்று வளையமாகச் சுற்றி மல்டி மீட்டரில் இணைத்துச் சுவரோரம் பிடித்தேன். எங்கும் இணைக்காத வெறும் கம்பி வளையத்தில் சில மில்லி வோல்ட் காட்டியது. சுவரைவிட்டு விலக விலக அது குறைந்தது. மேசையை எட்டு அடி தள்ளிப் போட்டதும் திரையின் ஆட்டம் ஏறக்குறைய நின்றுவிட்டது.

இதன் பின்னால் உள்ள கதை நூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1897-ல் ஸ்ட்ராஸ்பர்கில் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் என்ற ஜெர்மானிய அறிஞர் முதல் கேதோடு கதிர்க் குழாயைச் செய்தார். நம் பழைய டி.வி.களுக்கும் மானிட்டர்களுக்கும் அதுதான் பாட்டன். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் பின்னாலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து வந்து, முன்பக்கம் பூசிய ரசாயனப் பூச்சில் பட்டு ஒளிரும். அதே 1897-ல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் இப்படிப்பட்ட குழாயில் கதிரைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் வளைத்துக் காட்டித்தான், எலெக்ட்ரான் என்ற துகள் இருப்பதை நிறுவினார். காந்தத்துக்கு வளையும் என்பது அந்தக் கதிரின் பிறவிக் குணம். அதை வைத்துத்தான் மானிட்டரே வேலை செய்தது. குழாயின் கழுத்தில் மாட்டியிருக்கும் யோக் என்ற காப்பர் சுருள், கதிரை இடவலமாகவும் மேலும் கீழுமாகவும் இழுத்துப் படம் வரையும். வெளியிலிருந்து வேறொரு காந்தப்புலம் வந்தால் கதிர் அதற்கும் கட்டுப்படும். நம் காந்தம், அடுத்த வீட்டுக் காந்தம் என்ற பேதம் அதற்குக் கிடையாது.

எவ்வளவு புலம் போதும்? ஒரு மைக்ரோ டெஸ்லா அளவிலேயே ஆட்டம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. ஆனால் பூமியின் புலம் மாறாமல் நிற்பது. அது படத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். கேபிளின் புலம் விநாடிக்கு 50 சுற்று வீதம் திசை மாறிக்கொண்டே இருக்கும் புலம். எங்கள் கேபிள்களில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடியது. மூன்று ஃபேஸ் கம்பிகளையும் நெருக்கிச் சேர்த்துக் கட்டினால் ஒன்றின் புலத்தை மற்றவை பெரும்பாலும் அழித்துவிடும். நாங்கள் சூடு ஆறட்டும் என்று இடைவெளி விட்டுப் போட்டிருந்தோம். செங்கல் சுவர் காந்தப்புலத்தைத் தடுக்காது. அந்தப் புலத்துக்குச் சுவர் இருப்பதே தெரியாது.

சரி, டி.வி. ஏன் ஆடவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. கிடைத்தபோது, அந்தப் பெண்ணுக்கு எதிராகச் சொன்ன சாட்சியே அவளுக்கு ஆதரவான சாட்சி என்று புரிந்தது.

இங்கிலாந்தில் 1936-ல் பி.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது விநாடிக்கு 50 முறை திரையை வரைவதாக வைத்துக்கொண்டார்கள். அங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 1941-ல் ஏற்ற முறையில் விநாடிக்கு 60 முறை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இது தற்செயல் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரின் புலமோ, மின்சாரத்தில் மிஞ்சும் அலையோ படத்தை வளைத்தால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி வளைக்கட்டும், அப்போது யார் கண்ணிலும் படாது என்பது அன்றைய பொறியாளர்களின் கணக்கு. இந்தியாவில் 1959 செப்டம்பர் 15-ல் டில்லியிலும், 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையிலும் தொலைக்காட்சி வந்தபோது நாமும் 50 முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். அதனால் எங்கள் செக்யூரிட்டி அறை டி.வி.யிலும் படம் வளைந்துதான் இருந்திருக்கும். உற்றுப் பார்த்தால் மெல்ல நெளிவது தெரிந்திருக்கும். கிரிக்கெட் பந்து ஓடும்போது அதை யார் பார்த்தார்கள்?

கம்ப்யூட்டரின் கதை வேறு. 1987-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.எஸ்/2 கம்ப்யூட்டர்களோடு வி.ஜி.ஏ. என்ற திரை முறையைக் கொண்டுவந்தது. 640க்கு 480 புள்ளிகள், விநாடிக்கு 60 முறை. உலகம் முழுக்க அதுவே பரவியது. அடுத்து வந்த விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் நாமாக மாற்றாவிட்டால் பெரும்பாலும் 60-லேயே நிற்கும். எங்கள் அலுவலகத்திலும் யாரும் மாற்றவில்லை. 60 ஹெர்ட்ஸ் ஊரில் பிறந்த திரை 50 ஹெர்ட்ஸ் ஊரில், ஃபர்னஸ் கேபிளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கோவில் மேளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிமிடத்துக்கு 60 அடி, இன்னொருவர் 50 அடி தட்டினால் இருவரும் நிமிடத்துக்கு 10 முறை சேர்ந்து சேர்ந்து விலகுவார்கள். அதே கணக்குத்தான். 60-க்கும் 50-க்கும் வித்தியாசம் 10. விநாடிக்குப் பத்து முறை படம் முன்னும் பின்னும் அசையும். மனிதக் கண்ணுக்கும் தலைக்கும் மிகவும் தொந்தரவு தரும் வேகம் அது. சோதனைக்காக நான் திரையை 75-க்கு மாற்றிப் பார்த்தேன். வித்தியாசம் 25 ஆயிற்று. ஆட்டம் தெரியவில்லை, எழுத்து லேசாக மங்கியது. அவ்வளவுதான். 3-ம் 8-ம் ஏன் குழம்பின என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

மேசை மாடிக்குப் போயிற்று. தலைவலி நின்றது. அவளிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நான் அன்னைக்கே சொன்னேனே சார்" என்றாள், அவ்வளவுதான்.

என் பழைய தாள் தவறு என்று இன்னொரு தாள் எழுதி மேனேஜரிடம் கொண்டுபோனேன். மெமோவை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டேன். "பிரச்சினை தீர்ந்துபோச்சே, இனிமே ஃபைலை ஏன் கிளறணும்?" என்றார். என் இரண்டாவது தாள் அவர் மேசையிலேயே நின்றுவிட்டது. நான் இன்னும் ஒருமுறை கேட்டிருக்கலாம். யூனியனில் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன் என்று ஆயிரம் கணக்கு மனசில். விட்டுவிட்டேன். அந்த வருஷம் அவளுக்கு இன்கிரிமென்ட் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் கல்யாணமாகி வேலையை விட்டுப் போனாள். மெமோ ஃபைலில் இருந்தது, என் முதல் தாளோடு.

இதிலிருந்து நான் பாடம் கற்றிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அடுத்த தவறு என் வீட்டிலேயே நடந்தது.

2002-ல் மகனின் கல்லூரிப் படிப்புக்காகச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து வாங்கினோம். 2005 கோடையில் திரையில் கலர் கலராகப் புள்ளிகள் வந்தன. அப்புறம் குறுக்குக் கோடுகள். கொஞ்ச நேரத்தில் படம் உறைந்து நின்றுவிடும். கடைக்காரர் மானிட்டர் போய்விட்டது என்றார். புதிதாக வாங்கினேன். ஒரே வாரத்தில் புது மானிட்டரிலும் அதே புள்ளி, அதே கோடு. மகனைப் பிடித்துக்கொண்டேன். "எந்நேரமும் கேம் ஆடி ஆடி மெஷினைக் கெடுத்துட்டே" என்று கத்தினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். அன்றிரவு தூக்கம் வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது அந்த மேனேஜரின் குரல் மாதிரியே இருந்தது.

காலையில் பெட்டியைத் திறந்தேன். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்கும் சின்ன உருளைகள்தான் கண்டென்சர்கள். அவற்றின் தலை சமமாக இருக்க வேண்டும். ஏழு கண்டென்சர்களின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. இரண்டில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, உலகமே பட்ட பாடு என்று பிறகுதான் தெரிந்தது. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் சந்தைக்கு வந்த ஏராளமான கண்டென்சர்களில் உள்ளே ஊற்றும் மின்பகு திரவம் சரியாகத் தயாரிக்கப்படவில்லை. திரவத்தில் தண்ணீர் அதிகம். தண்ணீர் அலுமினியத் தகட்டை அரிக்காமல் காக்க வேண்டிய மருந்து இல்லை. இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகி, டப்பாவின் தலையை உப்ப வைத்தது. பெரும்பாலானவை தைவான் தயாரிப்புகள். 2002, 2003-ல் பொறியாளர்களின் பத்திரிகைகளில் இந்தச் செய்தி வெளிவந்தது. 'கண்டென்சர் கொள்ளைநோய்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

கண்டென்சருக்கும் திரைக்கும் என்ன சம்பந்தம்? பிராசசருக்கும் படம் தயாரிக்கும் சில்லுக்கும் போகும் மின்சாரத்தை அலையில்லாமல் சீராக வைத்திருப்பது கண்டென்சரின் வேலை. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருப்பது போல. தொட்டி ஓட்டையானால் மோட்டார் விட்டு விட்டு ஓடும்போதெல்லாம் குழாயில் தண்ணீரும் விட்டு விட்டுத்தான் வரும். மின்சாரம் அப்படித் துடித்தால் சில்லு தப்பான புள்ளியை அனுப்பும். மானிட்டர் வந்ததைக் காட்டும். அது வேறு என்ன செய்யும்?

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. ஆப்பிள் நிறுவனம் 2004 செப்டம்பர் முதல் 2005 ஜூன் வரை விற்ற ஐமேக் ஜி5 வகைக் கம்ப்யூட்டர்களில் சிலவற்றில் படம் சிதைந்தது, சிலவற்றில் படமே வரவில்லை. அவற்றை இலவசமாகச் சரிசெய்து தர ஒரு திட்டத்தையே அறிவிக்க வேண்டி வந்தது. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை சுமார் ஒரு கோடியே 18 லட்சம் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களை அனுப்பியிருந்தது. அவற்றில் ஏராளமானவற்றில் இந்தக் கண்டென்சர் கோளாறு வர வாய்ப்பிருந்தது. 2005-ல் அந்த நிறுவனம் இதற்காக 30 கோடி டாலர் செலவை ஒதுக்கியது.

டெல் விவகாரம் 2010 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் விரிவாக வந்தது. ஒரு வழக்கில் வெளியான ஆவணங்களை வைத்து எழுதியிருந்தார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் கம்ப்யூட்டர்கள் பழுதானபோது, நிறுவனம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? கடினமான கணக்குகளைப் போடச் சொல்லி மெஷினை அதிகமாக வேலை வாங்கிவிட்டீர்கள் என்பதுதான். படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கணிதப் பேராசிரியர்களுக்கே இந்தப் பதில் என்றால், கும்மிடிப்பூண்டியில் ஒரு ஆபரேட்டர் பெண்ணுக்கு என்ன பதில் கிடைக்கும்?

என் கதைக்கு வருகிறேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், 105 டிகிரி தாங்கும் கண்டென்சர்களாகப் பார்த்து வாங்கி வந்தேன். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. வீணாக வாங்கிய மானிட்டருக்குக் கொடுத்தது ஆயிரக்கணக்கில். ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஏழையும் மாற்றி சால்டர் செய்தேன். மகன் டார்ச் பிடித்தான். "கேம் ஆடினதால இல்லைடா, தப்பா சொல்லிட்டேன்" என்றேன். "பரவாயில்லைப்பா, டார்ச்சை இந்தப் பக்கம் காட்டவா?" என்றான். அந்த மெஷின் 2011 வரை ஓடியது.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு கணக்கு. கண்டென்சரின் ஆயுள், சூடு 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொறியாளர்களின் பொது விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் கண்டென்சர் 65 டிகிரியில் சுமார் 32,000 மணி நேரம் தாங்கும். அதாவது தூசு அடைத்த ஃபேனைச் சுத்தம் செய்வது ஆயுளைக் கூட்டும் வேலை. திருவள்ளூர் வெயிலில், சுவரோடு ஒட்டி, துணி போட்டு மூடிய கம்ப்யூட்டருக்குப் பாதி ஆயுள்தான். எல்.சி.டி. மானிட்டர்களுக்கும் இது பொருந்தும். அவற்றைக் காந்தம் ஆட்டாது. ஆனால் உள்ளே கண்டென்சர் உண்டு. சுவிட்ச் போட்டதும் படம் ஒரு நொடி தோன்றி மறைந்தால், அல்லது சூடான பிறகே படம் நின்றால், பெரும்பாலும் அதுதான்.

இன்னும் சில குறிப்புகள் சொல்லிவிடுகிறேன், உங்கள் பழைய மெஷினுக்கு உதவும். திரை முழுக்க மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை என்று அர்த்தம். ரோஸ் கலந்த ஊதாவாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. வி.ஜி.ஏ. கேபிளின் 15 ஊசி பிளக்கில் முதல் மூன்று ஊசிகள்தான் சிவப்பு, பச்சை, நீலம். ஒன்று வளைந்திருக்கும், அல்லது கேபிள் தளர்ந்திருக்கும். கழற்றிப் பார்த்து நேராக மாட்டுங்கள். மானிட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு அதை மட்டும் ஆன் செய்து பாருங்கள். "சிக்னல் இல்லை" என்று அதுவே எழுதிக் காட்டினால் மானிட்டர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, குறை வேறு எங்கோ. ஒன்றும் புரியவில்லை என்றால் தலைமையாசிரியர் வீட்டில் நான் செய்த ரப்பர் வைத்தியம். மின்சாரத்தை முழுக்கத் துண்டித்த பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

பழைய டியூப் மானிட்டரையும் டி.வி.யையும் மட்டும் தயவு செய்து திறக்காதீர்கள். உள்ளே 25,000 வோல்ட் வரை இருக்கும். அணைத்த பிறகும் டியூப் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடவும் வேண்டாம். எக்ஸ் கதிரைத் தடுப்பதற்காக அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடுதான். காப்பருக்காக அதைத் தெருவில் போட்டு உடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். 2012 மே முதல் மின்னணுக் கழிவுகளுக்கென்று தனிச் சட்ட விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். என் வீட்டுப் பரணில் இருந்த டியூப் மானிட்டரை அப்படித்தான் கொடுத்தேன். அபாயகரமான கழிவுகளுக்கான புதைநிலம் எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டர் திரை என்பது தகவல் சொல்லும் ஆள் மாதிரி. ஃபர்னஸ் கேபிள் தப்பாக ஓடினாலும், கண்டென்சர் உப்பினாலும், ராம் பல்லில் அழுக்குப் படிந்தாலும் அதுதான் முதலில் சொல்லும். நாம் தகவல் சொன்னவனையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, திரைக்கு முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சொன்ன மனிதரையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்குகிறோம். என் ஐம்பது வருஷ மின்சார அனுபவத்தில் நான் செய்த பெரிய தவறு எந்த ஒயரிலும் இல்லை. 'ஆடுது' என்று ஒருத்தி சொன்னபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டதுதான்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். பொன்னேரிப் பக்கம்தான் எங்கோ இருப்பாள். அம்மா, உன் கண்ணில் கோளாறு இல்லை. கவனத்திலும் குறை இல்லை. நான் கொடுத்த தாள்தான் தவறு. இதை அந்த ஃபைலில் சேர்க்க முடியவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.